அறிவித்த அளவுகோலும் அளந்த அளவுகோலும்: அரசு ஒப்பந்தங்களில் நீதி கேட்கும் வழி

(புலம்பெயர் தமிழ்த் தொழில்முனைவோருக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழர்கள் இன்று ஊதியத்திற்கு உழைப்பவர்களாக மட்டும் இல்லை. மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார்கள். மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புகிறார்கள். முதியோர் பராமரிப்பு, கட்டடப் பராமரிப்பு, உணவு வழங்கல், போக்குவரத்து எனப் பல துறைகளில் தொழில் செய்கிறார்கள். இத்தொழில்களில் பெரிய வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அது அரசாங்கம்தான். ஆகவே அரசு ஒப்பந்தப்புள்ளி கோருவதும், அதற்குத் தமிழர்கள் விண்ணப்பிப்பதும் நாள்தோறும் நடக்கும் நிகழ்ச்சிகளாகிவிட்டன.

ஒப்பந்தம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் என்ன செய்கிறார்கள்? "உள்ளே ஏதோ நடந்துவிட்டது" என்று நண்பர்களிடம் சொல்லி வருந்துகிறார்கள். பிறகு அமைதியாகிவிடுகிறார்கள். அந்த வருத்தத்தால் பயனில்லை. அந்த அமைதியாலும் பயனில்லை. உண்மையில் முறைகேடு நடந்திருந்தால் அது திருத்தப்படாமலே போகிறது. நடக்காதிருந்தால் ஆதாரமற்ற ஐயம் ஒன்று மனத்தில் தங்கி, அடுத்த முயற்சியையும் கெடுக்கிறது. இவ்விரண்டுக்கும் மாற்றாக மூன்றாவது வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. மதிப்பீடு எப்படி நடந்தது என்று முறைப்படி கேட்பது. அரசு தன் சொந்த விதியை மீறியிருந்தால் அதைக் குறித்த காலத்திற்குள் எழுத்தில் ஆட்சேபிப்பது. அந்த வழியைப் பற்றியதே இவ்வுரை.

இதனை விளக்க, உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு வழக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2008ஆம் ஆண்டு அமெரிக்க விமானப்படை வழங்கிய எரிபொருள் நிரப்பு விமான ஒப்பந்தமும், அதை எதிர்த்து போயிங் நிறுவனம் செய்த முறையீடும்தான் அது. போயிங் எங்கே, பத்துப் பேர் வேலை செய்யும் தமிழர் நிறுவனம் எங்கே என்று சிலர் எண்ணலாம். ஆனால் அந்த வழக்கில் போயிங்குக்கு வெற்றி தேடித் தந்தது அதன் பணபலம் அன்று. அரசு எழுதிய விதியை வரிக்கு வரி படித்து, அந்த விதியைக் கொண்டே அரசை மடக்கியதுதான் வெற்றி தந்தது. விதியைப் படிப்பது எவராலும் முடியும்.

வழக்கின் பின்னணி

போர் விமானம் ஒன்று நெடுந்தொலைவு பறக்க வேண்டுமானால் வானிலேயே அதற்கு எரிபொருள் நிரப்ப வேண்டும். அமெரிக்க விமானப்படையில் இந்தப் பணியை முதன்மையாகச் செய்துவந்தவை கே.சி.-135 என்னும் விமானங்கள். போயிங் தயாரித்த இவை 1957ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தன. கடைசி விமானம் வந்து சேர்ந்தது 1965இல். அவற்றை மாற்ற வேண்டிய தேவை உண்மையானது. அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முதல் முயற்சி தொடக்கத்திலேயே கறைபட்டது. 2001க்குப் பின் போயிங்கிடமிருந்து 100 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் திட்டம் தீட்டப்பட்டது. செனட் உறுப்பினர் ஜான் மெக்கெய்ன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அப்போது வெளிவந்த செய்தி நாட்டை அதிர வைத்தது. விமானப்படையில் கொள்முதலைக் கவனித்துவந்த உயர் அதிகாரியான டார்லீன் ட்ருயன், பதவியில் இருந்துகொண்டே போயிங்கில் தமக்கு வேலை பேசியிருந்தார். 2004இல் அவருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போயிங்கின் நிதித் தலைவராக இருந்த மைக்கேல் சியர்ஸும் சிறை சென்றார். போயிங்கின் தலைவர் பில் காண்டிட் 2003 டிசம்பரில் பதவி விலகினார். குத்தகைத் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவு நடந்த பிறகு, இரண்டாவது முயற்சி குற்றம் குறை இல்லாமல் நடக்க வேண்டும் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். 2007 ஜனவரியில் ஒப்பந்தப்புள்ளி அழைப்பு வெளியிடப்பட்டது. தேவைப்பட்டவை 179 விமானங்கள். மதிப்பு ஏறத்தாழ 3500 கோடி அமெரிக்க டாலர். போட்டியில் இருவர். ஒருபுறம் 767 விமானத்தை அடிப்படையாகக் கொண்டு போயிங். மறுபுறம் ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ-330 விமானத்தை அடிப்படையாகக் கொண்டு நார்த்ராப் கிரம்மனும் ஈ.ஏ.டி.எஸ். நிறுவனமும். போயிங்கின் விமானம் சிறியது. மற்றது பெரியது, அதிக எரிபொருளைச் சுமக்கக்கூடியது.

2008 பிப்ரவரி 29 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. வென்றது நார்த்ராப் கிரம்மன்.

ஆட்சேபணை

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் ஒப்பந்த முடிவை எதிர்ப்பவர்கள் முறையிடும் முதன்மையான இடம் அரசு பொறுப்புடைமை அலுவலகம். சுருக்கமாக ஜி.ஏ.ஓ. என்பர். இது ஆட்சியாளர்களின் கீழ் இயங்குவதன்று. நாடாளுமன்றத்தைச் சார்ந்த அமைப்பு. ஒப்பந்தம் கொடுத்த துறையே தன் முடிவைத் தானே விசாரிக்காமல், வெளியே நிற்கும் ஓர் அமைப்பு விசாரிக்கிறது என்பதே இதன் சிறப்பு. 1984ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒப்பந்தப் போட்டிச் சட்டம் இந்த முறைக்கு வலுவூட்டியது. முறையீடு வந்தால் ஜி.ஏ.ஓ. 100 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். குறித்த காலத்திற்குள் முறையீடு செய்தால், முடிவு வரும்வரை ஒப்பந்தப் பணி தானாகவே நிறுத்தி வைக்கப்படும். மிக அவசரம் என்று துறை எழுத்தில் காரணம் காட்டினால் மட்டுமே தொடரலாம்.

தோற்றவர் கேட்டால், அவருக்கு மதிப்பீட்டை விளக்க வேண்டியது துறையின் கடமை. போயிங்குக்கு அந்த விளக்கக் கூட்டம் மார்ச் 7 அன்று நடந்தது. மார்ச் 11 அன்று போயிங் முறையீடு செய்தது. நான்கு நாட்கள்தான் இடைவெளி. ஏன் இந்த அவசரம்? விளக்கக் கூட்டம் முடிந்து ஐந்து நாட்களுக்குள் முறையிட்டால்தான் பணி நிறுத்தம் தானாகக் கிடைக்கும். ஆறாவது நாளில் போயிருந்தால் முறையீடு செய்யலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போயிருக்கும்.

2008 ஜூன் 18 அன்று, அதாவது 99ஆம் நாள், ஜி.ஏ.ஓ. முடிவை அறிவித்தது. போயிங்கின் முறையீடு ஏற்கப்பட்டது. போயிங் அடுக்கிய எல்லாக் குற்றச்சாட்டுகளும் ஏற்கப்படவில்லை, பல தள்ளுபடியாயின. ஏழு குறைகள் மட்டும் நிலைநாட்டப்பட்டன. ஒரு முடிவைத் திருப்ப அந்த ஏழும் போதுமானவையாக இருந்தன.

ஏழு குறைகள்

அந்த ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் சிற்றூராட்சியின் குப்பை அள்ளும் ஒப்பந்தத்திலும் இவையே வேறு வடிவில் வருகின்றன.

முதலாவது: எந்தத் தேவை முதன்மையானது, எது அடுத்தது என்ற வரிசையை அழைப்பு ஆவணம் சொல்லியிருந்தது. கட்டாயமில்லாத தேவைகளையும் இயன்ற அளவு அதிகமாக நிறைவேற்றும்படி கேட்டிருந்தது. போயிங் அவற்றில் கூடுதலானவற்றை நிறைவேற்றியிருந்தது. மதிப்பீட்டாளர்கள் அந்த வரிசையையும் பின்பற்றவில்லை. போயிங் கூடுதலாக நிறைவேற்றியதையும் கணக்கில் கொள்ளவில்லை.

இரண்டாவது: வானில் எரிபொருள் வழங்கும் அளவுக்கு ஓர் உச்ச இலக்கு குறிக்கப்பட்டிருந்தது. அந்த இலக்கைத் தாண்டினால் அதற்காகத் தனிச் சலுகை இல்லை என்று அழைப்பு ஆவணமே தெளிவாகச் சொன்னது. ஆயினும் நார்த்ராப்பின் விமானம் இலக்கை அதிகமாகத் தாண்டியது என்பதே அதன் வெற்றிக்கு முக்கியக் காரணமாக எழுதப்பட்டது. போயிங் சிறிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தது அந்த விதியை நம்பித்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு மதிப்பெண்ணுக்கு மேல் கணக்கில்லை என்று தேர்வுக்கு முன் சொல்லிவிட்டு, நூற்றிருபது எடுத்தவருக்குப் பரிசு கொடுத்தது போன்றது இது.

மூன்றாவது: விமானப்படையிடம் இருந்த, வானில் எரிபொருள் பெறத்தக்க நிலையான சிறகு கொண்ட விமானங்கள் அனைத்திற்கும், நடைமுறையில் இருந்த முறைகளின்படியே எரிபொருள் நிரப்ப முடிய வேண்டும் என்பது கட்டாய விதி. நார்த்ராப்பின் விமானம் அதைச் செய்யும் என்று விமானப்படை முடிவு கட்டியது. அந்த முடிவு நியாயமானது என்பதைக் காட்டப் போதிய சான்று கோப்பில் இல்லை.

நான்காவது: செயல்பாட்டுப் பயன் சார்ந்த ஓர் இலக்கை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாகப் போயிங்கிடம் சொன்னார்கள். பின்னர் மனம் மாறி, ஓரளவே நிறைவேற்றியதாகக் கோப்பில் எழுதினார்கள். அந்த மாற்றத்தைப் போயிங்குக்குத் தெரிவிக்கவில்லை. அதே பொருள் குறித்து நார்த்ராப்புடன் மட்டும் தொடர்ந்து பேசினார்கள். அதனால் ஒருவருக்குத் தன் குறையைத் திருத்தும் வாய்ப்பு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

ஐந்தாவது: முழு அளவு உற்பத்தியின் முதல் விமானத்தை ஒப்படைத்த இரண்டு ஆண்டுகளுக்குள், விமானப்படை தன் பணிமனையிலேயே பராமரிப்புச் செய்துகொள்ளும் நிலையை உருவாக்கித் தர வேண்டும் என்பது நிபந்தனை. நார்த்ராப் அதற்கு உறுதி தரவில்லை. மதிப்பீட்டாளர்கள் இதை எழுத்துப் பிழை போன்ற நிர்வாகக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். முக்கியமான நிபந்தனையை ஏற்காததைக் கவனக்குறைவு என்று கொள்ள முடியாது என்றது ஜி.ஏ.ஓ.

ஆறாவது: இதுவே மிக நுட்பமானது. இரு விமானங்களின் முழு ஆயுட்காலச் செலவும் கணக்கிடப்பட்டது. நார்த்ராப்புக்கு 10,801 கோடி டாலர், போயிங்குக்கு 10,804.4 கோடி டாலர். வேறுபாடு 3.4 கோடி டாலர் மட்டுமே. அதாவது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அந்த இழையளவு வேறுபாட்டை வைத்தே நார்த்ராப்பின் செலவு குறைவு என்று சொல்லப்பட்டது. விமானங்களை நிறுத்துவதற்கான கொட்டகை, ஓடுபாதை முதலிய கட்டுமானச் செலவைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்ததாக, விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே விமானப்படை ஒப்புக்கொண்டது. பிழைகளைத் திருத்தியதும் செலவு குறைந்தவர் போயிங் ஆகிவிட்டார்.

ஏழாவது: போயிங்கின் வடிவமைப்புப் பணிக்கான ஒருமுறைச் செலவு மிகக் குறைவாகக் காட்டப்பட்டதாகக் கருதி, விமானப்படை தானாகவே அதை உயர்த்தியது. போயிங் சொன்ன விலை நம்பத்தகாதது என்று நிறுவாமலே அவ்வாறு செய்தது. உயர்த்தப் பயன்படுத்திய கணினிக் கணக்கு மாதிரியும் அந்தப் பணிக்கு ஏற்றதாக இல்லை.

இந்த ஏழிலும் கையூட்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. எவரும் பணம் வாங்கியதாகத் தீர்ப்பு சொல்லவில்லை. எந்த விமானம் சிறந்தது என்றும் சொல்லவில்லை. அது தன் வேலையன்று என்று ஜி.ஏ.ஓ. வெளிப்படையாகவே கூறியது. அறிவித்த அளவுகோல் ஒன்று, அளந்த அளவுகோல் வேறொன்று என்பதே மொத்தத் தீர்ப்பின் சாரம். மதிப்பீட்டை எதிர்ப்பவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை இது. "என்னுடையதே சிறந்தது" என்ற வாதம் அங்கே நிற்காது. "நீங்கள் எழுதிய விதி இது, நீங்கள் செய்தது இது" என்ற வாதமே நிற்கும்.

அதன் பின் நடந்தவை

முறையீட்டில் வென்ற போயிங்குக்கு அன்றே ஒப்பந்தம் கிடைத்துவிடவில்லை. ஜி.ஏ.ஓ. செய்வது பரிந்துரை, பெரும்பாலும் துறைகள் அதை மதித்து நடக்கின்றன. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் மறுபோட்டி நடத்தப் போவதாக 2008 ஜூலையில் அறிவித்தார். செப்டம்பரில் அதையும் நிறுத்தி, அடுத்த ஆட்சிக்கு விட்டுவிட்டார். 2010 பிப்ரவரியில் புதிய அழைப்பு வந்தது. இம்முறை 372 கட்டாயத் தேவைகள் வரையறுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. விலையே முதன்மையாக முடிவு செய்யும். தன் பெரிய விமானத்திற்கு இந்த விதி சாதகமில்லை என்று கருதிய நார்த்ராப் 2010 மார்ச்சில் விலகிக்கொண்டது. ஈ.ஏ.டி.எஸ். தனியே போட்டியிட்டது. 2011 பிப்ரவரி 24 அன்று போயிங் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஈ.ஏ.டி.எஸ். விளக்கம் கேட்டது, முறையீடு செய்வதில்லை என்று முடிவு செய்தது. விதி தெளிவாக இருந்தால் தோற்றவரும் தோல்வியை ஏற்கிறார் என்பதற்கு இது சான்று.

கே.சி.-46 எனப் பெயரிடப்பட்ட அந்த விமானங்களில் முதலாவது 2019 ஜனவரியில்தான் ஒப்படைக்கப்பட்டது. மாறா விலைக்கு ஒப்புக்கொண்ட போயிங், அத்திட்டத்தில் இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் இழப்பைக் கணக்கில் எழுதியிருக்கிறது. எரிபொருள் நிரப்பும் பணியாளர் பார்க்கும் ஒளிப்படக் கருவி அமைப்பில் நீண்டகாலம் சிக்கல் இருந்தது. ஆகவே முறையீட்டில் வெல்வது வேறு, ஒப்பந்தத்தில் வெல்வது வேறு, தொழிலில் வெல்வது வேறு. இம்மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கணினித் துறையிலும் கூட

தமிழர்கள் பெருமளவில் பணிபுரியும் கணினித் துறையிலும் இதுபோன்ற வழக்கு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஜெடை என்னும் மேகக் கணிமை ஒப்பந்தம், பத்தாண்டுகளில் 1000 கோடி டாலர் வரை மதிப்புள்ளதாகக் கருதப்பட்டது. 2019 அக்டோபரில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. அமேசான் வழக்குத் தொடுத்தது. அதிபரின் தலையீடு இருந்தது என்பது அமேசானின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. செய்தித்தாள்கள் அதைப் பற்றியே எழுதின. ஆனால் 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் பணியை நிறுத்தி வைத்தது அதற்காக அன்று. விலைக் கணக்குகளுள் ஆறாவது சூழலில், மைக்ரோசாஃப்ட் காட்டிய தரவுச் சேமிப்பு முறை அழைப்பு ஆவணம் கேட்ட வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதைத் துறை தவறாக மதிப்பிட்டதாக அமேசான் நிறுவ வாய்ப்புண்டு என்பதே காரணம். பெரிய குற்றச்சாட்டு தலைப்புச் செய்தியானது. சிறிய தொழில்நுட்பக் குறை தடையாணையைப் பெற்றுத் தந்தது. 2021 ஜூலையில் துறை அந்த ஒப்பந்தத்தையே கைவிட்டது. 2022 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டது.

பிரித்தானியாவில் வாழும் தமிழர்களுக்கு 2012ஆம் ஆண்டின் மேற்குக் கடற்கரைத் தொடருந்துச் சேவை உரிமம் நினைவிருக்கும். ஆகஸ்டில் ஃபர்ஸ்ட் குரூப் வென்றதாக அறிவித்தார்கள். வர்ஜின் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. அக்டோபர் 3 அன்று போக்குவரத்துத் துறை தானாகவே முடிவை இரத்துச் செய்தது. பணவீக்கத்தைக் கணக்கில் கொண்ட முறையில் பிழை. துணைநிலைக் கடன் தொகையை நிர்ணயித்ததில் போட்டியாளர்களைச் சமமாக நடத்தாமை. நான்கு போட்டியாளர்களின் செலவையும் மக்களின் வரிப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கணக்குத் தாளில் நேர்ந்த பிழைக்கு நாடே விலை கொடுத்தது.

தமிழகத்திலும் சட்டம் உண்டு

இவையெல்லாம் மேலைநாட்டு வழக்கம், நம் மண்ணுக்கு ஒவ்வாதவை என்று கருத வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை விரித்துரைக்கின்றன. வயது வரம்பு, சொந்த மனை, நிலம், கல்வி எல்லாம் அதில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என்ற விதியும் உண்டு. தேர்வு நடக்கும் முன்பே அதன் விதியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பிறகு எவரும் மாற்றிச் சொல்ல இயலாது. வள்ளுவரும் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார்.

இன்றைய தமிழகத்தில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சொன்ன அளவுகோலின்படியே மதிப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. முடிவால் பாதிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த பத்து நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய அதன் 11ஆம் பிரிவு வழிசெய்கிறது. தாயகத்தில் தொழில் தொடங்க விரும்பும் புலம்பெயர் தமிழர்கள் இந்தப் பத்து நாட்களை நினைவில் வைப்பது நல்லது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் இதற்கான எல்லையை வகுத்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கைப்பேசிச் சேவைக்கான உரிமம் பற்றிய வழக்கு அது. அரசின் முடிவுக்கு நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாக இருக்காது. முடிவு எடுக்கப்பட்ட முறையை மட்டுமே ஆராயும் என்பது அதில் நிறுவப்பட்ட கொள்கை. அமெரிக்காவில் ஜி.ஏ.ஓ. பின்பற்றிய கொள்கையும் ஏறத்தாழ இதுவே. கடல்கள் பல கடந்தாலும் நீதியின் இலக்கணம் ஒன்றாகவே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

தொழில் நடத்துவோர் நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களை முன்வைத்து இவை சொல்லப்படுகின்றன. பிற நாடுகளில் நாட்கணக்கு மாறும், ஒழுங்கு மாறாது.

1. அழைப்பு ஆவணத்திலேயே அநீதி தெரிந்தால், ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் இறுதி நேரத்திற்கு முன்பே ஆட்சேபிக்க வேண்டும். விதியை ஏற்றுப் போட்டியிட்டுத் தோற்ற பிறகு "விதியே தவறு" என்றால் எவரும் கேட்க மாட்டார்கள்.

2. தோல்வி அறிவிப்பு கிடைத்த மூன்று நாட்களுக்குள் விளக்கக் கூட்டம் கோரி எழுத வேண்டும். இதற்குச் செலவில்லை, வழக்கும் ஆகாது. தன் ஒப்பந்தப்புள்ளியில் கண்ட குறைகள், வென்றவரின் மொத்த விலை, தரநிலை, தேர்வுக்கான காரணச் சுருக்கம் ஆகியவற்றை அறியலாம். போட்டியாளரின் வணிக இரகசியத்தைக் கேட்க முடியாது.

3. கூட்டத்திற்குச் செல்லும்போது அழைப்பு ஆவணத்தின் மதிப்பீட்டுப் பகுதியைக் கையில் கொண்டு செல்ல வேண்டும். சண்டையிடாமல், ஒவ்வோர் அளவுகோலுக்கும் என்ன முடிவு எழுதப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. விதி ஒருபுறம், நடந்தது மறுபுறம் என்று ஒரே தாளில் இரண்டு பத்திகளாக எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் முறையீடு தேவையில்லை. அடுத்த முறை எங்கே திருந்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் அதுவே முறையீட்டின் முதல் வரைவு.

5. அந்தப் பொருந்தாமை முடிவை மாற்றக்கூடியதா என்று பார்க்க வேண்டும. பிழை இருந்தும் அது திருத்தப்பட்டால் வேறு ஒருவர்தான் வெல்வார் என்றால் முறையீடு நிற்காது.

6. பொதுவாக, குறை தெரிந்த பத்து நாட்களுக்குள் ஜி.ஏ.ஓ.விடம் முறையிட வேண்டும். பணி நிறுத்தம் வேண்டுமானால், ஒப்பந்தம் வழங்கிய பத்து நாட்கள் அல்லது விளக்கக் கூட்டத்திற்குக் குறித்த நாளிலிருந்து ஐந்து நாட்கள், இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள் முறையிட வேண்டும். நாள் தவறினால் எவ்வளவு நல்ல காரணமும் பயன்தராது.

7. வழக்கறிஞர் இல்லாமலும் ஜி.ஏ.ஓ.விடம் முறையிடலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட மதிப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்க, நிறுவனத்திற்கு வெளியே உள்ள வழக்கறிஞர் போன்றோருக்கே அனுமதி கிடைக்கும். கோப்பில் உள்ளதை அறியாமல் வாதிடுவது கடினம். ஆகவே பெரிய ஒப்பந்தமானால் வழக்கறிஞரை அமர்த்துவதே அறிவுடைமை.

8. நேரடியாகப் போட்டியிட்டவரே பொதுவாக முறையிட முடியும். முதன்மை ஒப்பந்ததாரரின் கீழ் துணை ஒப்பந்ததாரராக இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. தமிழர்களின் கணினி நிறுவனங்கள் பல துணை ஒப்பந்ததாரர் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. உழைப்பு அவர்களுடையதாக இருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. இந்நிலையிலிருந்து மேலேறுவதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

அச்சம் தேவையா?

"அரசை எதிர்த்தால் அடுத்த வேலை கிடைக்காது" என்ற அச்சம் தமிழர்களிடையே ஆழமாக இருக்கிறது. அதிகாரியைப் பகைத்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைத் தாயகத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானது. அதைக் கோழைத்தனம் என்று இகழ்வது முறையாகாது. ஆனால் முறையீடு என்பது அரசின் மீது தொடுக்கும் போர் அன்று. அரசே வகுத்து, அரசே அமைத்த வழி அது. போயிங் 2008இல் விமானப்படைக்கு எதிராக முறையிட்டது. 2011இல் அதே விமானப்படையிடம் ஒப்பந்தம் பெற்றது. அண்மை ஆண்டுகளில் ஜி.ஏ.ஓ.விடம் வரும் முறையீடுகளில் ஏறத்தாழ பாதியில், துறை தானே முன்வந்து திருத்துவதாலோ தீர்ப்பாலோ, முறையிட்டவருக்கு ஏதேனும் ஒரு நிவாரணம் கிடைக்கிறது.

அதே வேளையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோற்ற ஒவ்வொருவரும் முறையிட்டால் அரசுப் பணி நடக்காது. எரிபொருள் நிரப்பு விமானங்கள் தாமதமான ஆண்டுகளில் அரை நூற்றாண்டுப் பழமையான விமானங்களில் படைவீரர்கள் பறந்தார்கள். பணி நிற்கும் ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் காத்திருக்கிறார். மருத்துவமனை மொழிபெயர்ப்பு ஒப்பந்தம் நின்றால், மருத்துவர் சொல்வது புரியாமல் தவிப்பவர் ஒரு தமிழ் மூதாட்டியாகவே இருக்கலாம். ஆகவே கோபத்தால் செய்யும் முறையீடு தவறு. சான்றோடு செய்யும் முறையீடு கடமை.

இறுதியாக ஒன்று. உரிமை கேட்கும் சமூகத்திற்கு இந்த வழக்குகள் ஒப்பந்தத்திற்கும் அப்பாற்பட்ட பாடம் ஒன்றைச் சொல்கின்றன. வேலை மறுக்கப்பட்டாலும், பள்ளியில் இடம் மறுக்கப்பட்டாலும், குடியேற்ற விண்ணப்பம் தள்ளப்பட்டாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த அளவுகோலால் அளந்தீர்கள்? அந்த அளவுகோலை முன்பே அறிவித்தீர்களா? எல்லோரையும் அதனாலேயே அளந்தீர்களா? இவற்றைப் பணிவோடு, எழுத்தில், காலத்தில் கேட்கும் பழக்கம் ஒரு சமூகத்திற்கு வந்துவிட்டால், அச்சமூகத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த முறை தோல்விக் கடிதம் வரும் தமிழர் எவரும் அதைக் கிழித்தெறிய வேண்டாம். தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். மூன்று நாட்கள் இருக்கின்றன.